ஆரம்பிக்க மட்டும் ஊசி போட்டுக்கொள்ளலாமா, டாக்டர்?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 41. உயரம் 158 செ.மீ., எடை 96 கிலோ. இரண்டாவது பிரசவத்தில் ஏறிய எடை இறங்கவே இல்லை. நாலு தடவை டயட் இருந்து பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஏழெட்டுக் கிலோ குறையும். வருஷம் திரும்புவதற்குள் பத்துக் கிலோவாகத் திரும்பி வந்துவிடும். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். முழங்கால் வலியால் நடக்கவும் முடியவில்லை. எடை குறைக்க வாரம் ஒரு தடவை போடும் ஊசியை ஆரம்பத்துக்கு மட்டும் போட்டுக்கொண்டு, இருபது கிலோ இறங்கியதும் நிறுத்திவிட்டு, பிறகு நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு என்று நானே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். என் அக்காவோ, "வாயைக் கட்டத் தெரியாதவங்கதான் ஊசிக்குப் போவாங்க" என்கிறாள். நான் நினைப்பது தப்பா?
– பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி

பதில்: உங்கள் அக்கா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னதை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். தொழிலுக்கு வந்து மூன்று நான்கு வருஷம் இருக்கும். உங்களைப் போலவே எடையோடும் மூட்டுவலியோடும் ஓர் அம்மா வந்தார். ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே, அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், "கொஞ்சம் வாயைக் கட்டினா எல்லாம் சரியாகிடும்மா" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து நீளமான கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். இரண்டு வருஷமாகத் தினமும் என்ன சாப்பிட்டார் என்பது நீல மையில். ஞாயிற்றுக்கிழமைதோறும் எடை, சிவப்பு மையில். பக்கத்துக்குப் பக்கம் எடை இறங்கிக்கொண்டே வந்து, பாதி நோட்டில் நின்றுவிட்டது. நின்ற இடத்திலிருந்து ஓரத்தில் சின்னச் சின்னக் குறிப்புகள்: "ராத்திரி பசி." "தூக்கம் வரல, பசி." அதற்குப் பிறகு எடை ஏற ஆரம்பித்தது. அதையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார். அன்றைக்கு அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

அந்த நோட்டில் இருந்தது சோம்பேறித்தனம் அல்ல, உடம்பின் வேலை. கொழுப்புத் திசு லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. 1994-ல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். எடை குறையும்போது லெப்டின் இறங்குகிறது, வயிற்றில் சுரக்கும் கிரெலின் ஏறுகிறது. இரண்டும் சேர்ந்து மூளையிடம் "பஞ்சம் வந்துவிட்டது, சாப்பிடு" என்று சொல்கின்றன. டயட்டில் எடை குறைத்தவர்களை ஓராண்டு கழித்துச் சோதித்தபோதும் இந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று 2011-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதற்கும் வெகுகாலம் முன்னால், 1944-45-ல், அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு 24 வாரம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். தாங்களாகவே முன்வந்தவர்கள், மன உறுதி மிக்கவர்கள். அவர்களே பகலெல்லாம் சாப்பாட்டைப் பற்றிப் பேசினார்கள், கனவிலும் சாப்பாட்டைக் கண்டார்கள், சமையல் புத்தகங்களைத் தேடிப் படித்தார்கள். நாலு தடவை முயன்று நாலு தடவையும் எடை திரும்பியது உங்கள் வாயின் குற்றம் இல்லை அம்மா. இதை அக்காவிடம் வாசித்துக் காட்டுங்கள்.

இனி உங்கள் கேள்வி. ஊசியை எடுப்பது தப்பே இல்லை. உங்கள் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 38-க்கு மேல். பல நாடுகளில் 30-க்கு மேல் இருந்தாலோ, 27-க்கு மேல் இருந்து கூடவே பிரஷர், சுகர் போன்ற தொந்தரவு இருந்தாலோ மருந்து தரலாம் என்பது விதி. அந்தக் கோட்டை நீங்கள் எப்போதோ தாண்டிவிட்டீர்கள். "ஆரம்பத்துக்கு மட்டும்" என்கிறீர்களே, அங்கேதான் நான் உங்களை உட்கார வைத்துப் பேச வேண்டியிருக்கிறது.

சாப்பிட்டதும் நம் குடலில் ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோன் சுரக்கும். வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்வதும், வயிறு காலியாவதை மெதுவாக்குவதும் அதன் வேலை. இரண்டே நிமிஷத்தில் அதில் பாதி சிதைந்துவிடும். செமாக்ளூடைட் என்ற எடைக் குறைப்பு ஊசி அதே ஹார்மோனின் சாயலில் செய்தது. ஆனால் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால்தான் வாரம் ஒரு ஊசி போதும். மருந்து உள்ளே இருக்கும்வரை பசி அடங்கியிருக்கும். மருந்து போனால் பழைய பசி அதே பலத்தோடு வந்து நிற்கும்.

2021-ல் வெளியான பெரிய ஆய்வில் 1,961 பேர் இருந்தார்கள். 68 வாரம் செமாக்ளூடைட் போட்டவர்களின் எடை சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தது. மருந்தே இல்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம்தான். சாப்பாடு, நடை பற்றிய ஆலோசனை இரண்டு தரப்புக்கும் ஒன்றுபோலவே தரப்பட்டது. அவர்களில் ஒரு பகுதியினரை மருந்து நிறுத்திய பிறகும் ஓராண்டு கவனித்தார்கள். இறங்கிய எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. நீங்கள் மனதில் வைத்திருக்கும் இருபது கிலோவை இந்தக் கணக்கில் பாருங்கள். 96-ல் 15 சதவீதம் என்பது பதினாலரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. டிர்செபடைட் என்ற இன்னொரு ஊசி இரண்டு ஹார்மோன்களின் வேலையைச் செய்கிறது. 2022-ல் வந்த ஆய்வில் அதன் அதிகபட்ச டோஸில் 72 வாரத்தில் சராசரி 20.9 சதவீதம் குறைந்தது. உங்களுக்கு அது இருபது கிலோவுக்கு வரும். ஆனால் சராசரி என்றால், அதைவிட நிறையக் குறைந்தவரும் இருப்பார், பாதிகூடக் குறையாதவரும் இருப்பார். ஒன்று சொல்கிறேன்: முதல் ஐந்து கிலோ இறங்கும்போதே பிரஷரிலும் சுகரிலும் வித்தியாசம் தெரிய ஆரம்பித்துவிடும். இருபது வரவில்லை என்று பத்தைத் தூக்கி எறியாதீர்கள்.

பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறீர்கள். பிரஷர் இறங்கியதும் மாத்திரையை நிறுத்தினீர்களா? மாத்திரை சாப்பிடுவதால்தான் இறங்கியிருக்கிறது என்று தெரியும் அல்லவா? எடை மருந்தையும் அப்படித்தான் நான் பார்க்கிறேன். சிலர் பிறகு குறைந்த டோஸில் நிலைக்கிறார்கள், சிலர் நிறுத்தியும் பெரும்பகுதியைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். ஆனால் "இத்தனை மாதம், அதோடு முடிந்தது" என்று மனதில் தேதி குறித்துக்கொண்டு தொடங்குபவர்கள்தான், எடை திரும்பும்போது தங்களையே திட்டிக்கொண்டு என் அறையில் அழுகிறார்கள். நீண்ட நாள் எடுக்க வேண்டியிருக்கலாம், அதற்குச் செலவும் உண்டு, என்னால் முடியுமா என்பதை முதல் ஊசிக்கு முன்னாலேயே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

அதே சமயம், "ஆரம்பம்" என்ற உங்கள் வார்த்தையில் ஒரு நியாயம் இருக்கிறது. வலிக்கிற காலை வைத்துக்கொண்டு நடக்கச் சொன்னால் யாரால் முடியும்? மூட்டுத் தேய்மானத்தோடு உடல் பருமனும் உள்ளவர்களுக்கு செமாக்ளூடைட் கொடுத்த ஆய்வு 2024-ல் வந்தது. வலி நன்றாகவே குறைந்தது. வலி குறைந்த அந்த மாதங்கள்தான் உங்களுக்குக் கிடைக்கும் ஆரம்பம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரைத் தள்ளுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது என்று தசைக்கு வேலை கொடுக்கத் தொடங்குங்கள். இறங்கும் எடை முழுக்கக் கொழுப்பு இல்லை, அதில் தசையும் கணிசமாகப் போகும். பசி இல்லாதபோது முதலில் கைவிடப்படுவது புரதம். தட்டில் இருப்பதில் அதை முதலில் சாப்பிடுங்கள், மற்றது பிறகு.

டாக்டரிடம் போகும்போது கேட்காமலே நீங்கள் சொல்ல வேண்டியவை சில உண்டு. குடும்பத்தில் யாருக்காவது தைராய்டில் மெடுல்லரி வகைப் புற்றுநோய் இருந்ததா? இருந்தால் இந்த ஊசிகள் கூடாது. கணைய அழற்சி, பித்தப்பைக் கல் வந்ததுண்டா? மறுபடி கருத்தரிக்கும் எண்ணம் இருக்கிறதா? இருந்தால் செமாக்ளூடைடைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைட் எடுப்பவர்களுக்குக் கருத்தடை மாத்திரையின் பலன் குறையலாம் என்பதால், தொடங்கும்போதும் டோஸ் ஏற்றும் ஒவ்வொரு முறையும் நான்கு வாரம் வேறு பாதுகாப்பும் வேண்டும். உங்கள் பிரஷர் மாத்திரையின் பெயரை எழுதவில்லையே. அட்டெனலால், புரோப்ரனலால் மாதிரியானவை தாங்களே எடையைச் சற்றுக் கூட்டும். அதை மாற்றலாமா என்று கேளுங்கள். எடை இறங்கும்போது பிரஷரும் இறங்கும். எழுந்து நின்றால் தலை சுற்றினால் மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

அந்த நோட்டு அம்மா பல வருஷம் கழித்து, இந்த ஊசிகள் வந்த பிறகு, மறுபடி என்னிடம் வந்தார். முதல் வேலையாக மன்னிப்புக் கேட்டேன். மூன்றாவது வாரம் ஊசி போட வந்தபோது அவர் சொன்னது: "டாக்டர், மண்டைக்குள்ள ஓயாம ஒரு ரேடியோ ஓடிட்டிருந்துச்சு. அது ஓடிட்டிருந்ததே, நின்னப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சுது. நேத்து ராத்திரி தட்டுல பாதி மிச்சம் வெச்சுட்டு எழுந்துட்டேன். கையைக் கழுவிட்டுத் திரும்பி வந்து அந்தத் தட்டைப் பாத்துக்கிட்டே நின்னேன்." இன்னும் நோட்டில் எழுதுகிறார், இப்போதும் நீல மையில்தான்.

கேள்வி: வயது 52. சுகருக்கு கிளிமெபிரைடு மாத்திரை சாப்பிடுகிறேன். நண்பர் ஒருவர் வாந்தி தாங்காமல் எடைக் குறைப்பு ஊசியை நிறுத்திவிட்டார். ஊசி போடும் பேனாவில் மருந்து மீதி இருக்கிறது. ஊசிமுனையை மாற்றிவிட்டு நான் போட்டுக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர்

பதில்: வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். முனையை மாற்றினாலும், ஒருவர் போட்டுக்கொண்ட பேனாவின் உள்ளே அவருடைய இரத்தம் கண்ணுக்குத் தெரியாத அளவில் பின்னோக்கிப் போயிருக்கலாம். மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் பரவ அது போதும். இரண்டாவது, உங்கள் நண்பர் எந்த டோஸில் இருந்தார்? செமாக்ளூடைடை வாரம் 0.25 மி.கி.யில் தொடங்கி, நான்கு நான்கு வாரமாக 0.5, 1, 1.7 என்று ஏற்றி, 2.4-க்கு வர நான்கு மாதம் ஆகும். உடம்பு பழகுவதற்கான படிகள் அவை. நேராக மேல்படியில் ஏறினால் அவருக்கு வந்த வாந்தி உங்களுக்கு இரண்டு மடங்காக வரும்.

மூன்றாவதுதான் எனக்கு அதிகப் பயம். கிளிமெபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. அதன்மேல் பசியை அடக்கும் ஊசியும் சேர்ந்தால் சுகர் விழுந்துவிடும். வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது விழுந்தால்? உங்களுக்கு இந்த ஊசி பொருந்தலாம், சுகருக்கும் நல்லதுதான். ஆனால் டாக்டர் முதலில் கிளிமெபிரைடைக் குறைப்பார், கண்ணின் விழித்திரையைச் சோதிக்கச் சொல்வார், பிறகுதான் தொடங்குவார். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குவதும் இதே ரகம்தான். போலி செமாக்ளூடைட் புழங்குவதாக உலக சுகாதார நிறுவனமே 2024 ஜூனில் எச்சரிக்கை விட்டது.

கேள்வி: ஊசி தொடங்கி ஆறாவது வாரம். டோஸ் ஏற்றியதிலிருந்து குமட்டல், மூன்று நாளுக்கு ஒரு முறைதான் மலம் போகிறது. விட்டுவிடலாமா என்று இருக்கிறது.
– ஒரு வாசகி

பதில்: விடுவதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள். அடுத்த படி ஏறாமல் இதே டோஸில் இன்னும் நான்கு வாரம் நிற்கலாம், அல்லது ஒரு படி இறங்கலாம். பந்தயம் ஒன்றும் இல்லை. வயிறு மெதுவாகக் காலியாகிறது என்பதை மனதில் வைத்துச் சாப்பிடுங்கள். பழைய அளவைப் பழைய வேகத்தில் உள்ளே தள்ளினால் அது மேலே வரத்தான் செய்யும். சின்னத் தட்டு, மெதுவான மெல்லல், "போதும்" என்று முதல் தடவை தோன்றும்போதே நிறுத்துவது. எண்ணெயில் பொரித்ததைச் சில வாரம் தள்ளி வையுங்கள். சாப்பிட்டதும் படுக்காதீர்கள். பசியோடு தாகமும் குறைந்துவிடுவதால் தண்ணீரை மறந்துபோகிறோம்; மலச்சிக்கலுக்குப் பாதிக் காரணம் அதுதான். கண்ணில் படும் இடத்தில் பாட்டிலை வையுங்கள்.

ஆனால் மேல்வயிற்றில் கடும் வலி வந்து விடாமல் நீடித்தால், முதுகுக்குப் பரவினால், அல்லது வலது பக்கம் வலியோடு காய்ச்சலோ கண் மஞ்சளோ வந்தால், குடித்த தண்ணீர்கூடத் தங்காமல் ஒரு நாள் முழுக்க வாந்தி எடுத்தால், அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இரண்டு மூன்று மாதத்தில் சீப்பில் முடி அதிகமாக வந்தால் மட்டும் பயப்படாதீர்கள். எடை வேகமாக இறங்கும்போது அப்படி உதிரும். புரதமும் இரும்புச் சத்தும் போதுமானதாக இருந்தால் திரும்ப வளரும்.

கேள்வி: ஊசி என்றாலே எனக்கு மயக்கம். மாத்திரை எதுவும் கிடையாதா? மூலிகைப் பொடி என்று ஒன்று சொல்கிறார்களே?
– ஒரு வாசகர்

பதில்: உண்டு. ஓர்லிஸ்டாட் பழைய மாத்திரை, மூளையைத் தொடாது. குடலில் கொழுப்பைச் செரிக்கும் நொதியைத் தடுத்து, சாப்பிட்ட கொழுப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வெளியே அனுப்பிவிடும். அதனால் எண்ணெய் மிகுந்த சாப்பாடு சாப்பிட்டால் மலம் எண்ணெயாகப் போகும், சில சமயம் அடக்க முடியாமலும் போகும். இதை முதலிலேயே சொல்லாவிட்டால் மறுவாரமே நிறுத்திவிடுகிறார்கள். ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் கூடவே போய்விடுவதால், படுக்கும் நேரத்தில் தனியாக வைட்டமின் மாத்திரை எடுக்க வேண்டும். ஊசியோடு ஒப்பிட்டால் எடை குறைவது கொஞ்சம்தான். செமாக்ளூடைட் மாத்திரையாகவும் உண்டு. காலையில் வெறும் வயிற்றில், அரைக் கப் தண்ணீருக்கு மேல் போகாமல் விழுங்கி, அரைமணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். ஊசிப் பயம் மட்டும்தான் காரணம் என்றால் ஒரு முறை அந்தப் பேனாவைக் கையில் வாங்கிப் பாருங்கள். முனை சில மில்லிமீட்டர்தான், மயிரிழை மாதிரி.

பொடியைத் தொடாதீர்கள். எடை மருந்தின் வரலாறு தெரிந்தவர்கள் இதைக் கெஞ்சித்தான் சொல்வார்கள். 1930-களில் டைநைட்ரோபீனால் கொடுத்தார்கள். உடம்பு உள்ளுக்குள் கொதித்துச் செத்தார்கள், சிலருக்குக் கண்புரை வந்தது. ஃபென்ஃபுளூரமின் இதய வால்வுகளைக் கெடுத்தது, 1997-ல் விலக்கினார்கள். சிபுட்ரமின் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டியதால் 2010-ல் போனது. போனதாகச் சொன்ன அந்தச் சிபுட்ரமினைத்தான் "இயற்கை" என்று எழுதிய பொடிகளிலும் கேப்சூல்களிலும் கலந்திருப்பதாகப் பல நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கின்றன. பொடி சாப்பிட்டுப் படபடப்போடு வந்த ஒரு பையனின் நாடியை எண்ணியிருக்கிறேன். நிமிஷத்துக்கு 140.

கேள்வி: வயது 24. உயரம் 163 செ.மீ., எடை 58 கிலோ. ஆறு கிலோ மட்டும் குறைய வேண்டும். ஊசி எழுதித் தருவீர்களா?
– ஒரு வாசகி

பதில்: தர மாட்டேன் கண்ணு. உன் பி.எம்.ஐ. 22-கூட இல்லை. உன்னிடம் குறைக்க வேண்டிய எடை இல்லை. அதைக் குறைத்தால் போவதில் நிறையத் தசையும் எலும்பின் பலமுமாக இருக்கும். சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, நாள் கணக்கில் பட்டினி கிடப்பது, கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்காமல் இருப்பது, இவற்றில் ஏதாவது இருந்தால் எனக்குத் தனியாக எழுது. அதை அச்சில் போட மாட்டோம்.

கேள்வி: வயது 60. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவன். பதினாலு மாதமாக செமாக்ளூடைட் ஊசி. 19 கிலோ குறைந்திருக்கிறேன். இப்போது நிறுத்தலாம் என்கிறார் மகன். என்ன செய்ய?
– ஒரு வாசகர்

பதில்: உங்கள் விஷயத்தில் எடையைத் தாண்டி ஒன்றைப் பார்க்க வேண்டும். இதய நோயும் அதிக எடையும் இருந்து, சுகர் இல்லாத 17,604 பேரிடம் நடந்த ஆய்வு 2023-ல் வந்தது. செமாக்ளூடைட் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் இவை 20 சதவீதம் குறைவாக நேர்ந்தன. ஆகவே மகன் சொன்னதற்காக நிறுத்தாதீர்கள். இதய டாக்டரிடம் மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். செலவு காரணம் என்றால் அதை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், டோஸ் குறைப்பதைப் பற்றிப் பேச வழி இருக்கும்.

நிறுத்தத்தான் வேண்டும் என்று முடிவானால், வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், ஒரே தராசில் எடை பார்த்து எழுதுங்கள். மூன்று கிலோ ஏறியதும் டாக்டரிடம் போய்விட வேண்டும் என்று இப்போதே அவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஏறும்வரை வெட்கப்பட்டு வீட்டில் இருந்துவிடுகிறார்கள், அதுதான் என் கவலை. அடுத்த கடிதத்தில் இப்போதைய டோஸ், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு, இரத்தத்தை இளக்க என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.